வலிக்காத கடிதான் பயங்கரம்! பாம்பு விஷம் உடலுக்குள் நுழைந்ததும் என்ன நடக்கிறது?

அதிகாலை நாலு மணி. புழுக்கம் தாங்காமல் திண்ணையில் பாய் விரித்துப் படுத்திருந்தவர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்காருகிறார். ``என்னங்க, ராத்திரி சாப்பிட்டது சேரலையா?'' என்று கேட்டுக்கொண்டே மனைவி ஓமத் தண்ணீர் வைக்க அடுப்படிக்குப் போகிறார். அவர் திரும்பி வருவதற்குள் இரண்டு முறை வாந்தி. தொண்டையில் ஏதோ அடைப்பது போல இருக்கிறது என்கிறார், பேச்சு குழறுகிறது. கண்ணைத் திறக்கச் சொன்னால், இமை பாதிக்கு மேல் ஏற மறுக்கிறது. தூக்கக் கலக்கம் என்று நினைத்து இன்னும் அரை மணி நேரம் ஓடிவிடுகிறது. உடம்பில் காயம் இல்லை. வீக்கம் இல்லை. பாம்பை யாரும் பார்க்கவும் இல்லை.

கிராமப்புற மருத்துவமனையில் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் டாக்டர்களுக்கு இந்தக் காட்சி மனப்பாடம். தரையில் படுத்தவர், விடியற்காலை வயிற்றுவலி, சரியும் இமைகள். இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் அவர்கள் மனதில் முதலில் வரும் பெயர், கட்டுவிரியன்.

பாம்புக்கடி என்றதும் நமக்குச் சினிமாதான் நினைவுக்கு வரும். கடித்த இடத்தில் இரண்டு புள்ளி ரத்தம், வாயில் நுரை, உடம்பெல்லாம் நீலம், கதாநாயகன் வாய் வைத்து விஷத்தை உறிஞ்சித் துப்புவது... எல்லாப் பாம்புக்கும் ஒரே விஷம், எல்லா விஷத்துக்கும் ஒரே விளைவு என்ற எண்ணம் அப்படித்தான் பதிந்து போயிருக்கிறது. உண்மையில், `விஷம்' என்று ஒற்றைச் சொல்லில் நாம் சொல்வது பல வகைப் புரதங்களும் நொதிகளும் கலந்த ஒரு கலவை. பாம்புக்குப் பாம்பு அந்தக் கலவை மாறும். உடலில் அது தேடிப்போகும் இடமும் மாறும். ஒன்று நரம்புக்குப் போகும், இன்னொன்று ரத்தத்துக்குப் போகும். வலிக்கும் கடியும் உண்டு, கொசு கடித்தது போலக்கூடத் தெரியாத கடியும் உண்டு. இந்த வித்தியாசம் தெரியாததால் வீணாகும் நேரம்தான் பல வீடுகளில் உயிரைக் கொண்டுபோகிறது.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரையிலான 20 ஆண்டுகளில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் ஏறத்தாழ 12 லட்சம் பேர் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். இறந்தவர்களில் கால்வாசிக்கும் மேல் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். பாதி மரணங்கள், ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழை மாதங்களில் நடந்தவை.

பூட்டுக்குள் உடைந்த ஈர்க்குச்சி

இந்தியாவில் பெரும்பாலான மரணங்களுக்குக் காரணம் நான்கு பாம்புகள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். முதல் இரண்டும் நரம்பைத் தாக்குபவை. ஆனால், இரண்டும் தாக்கும் விதம் வேறு.

கையை மடக்க வேண்டும் என்று மூளை நினைத்தால், அந்தச் செய்தி நரம்பு வழியே மின்துடிப்பாகத் தசை வரைக்கும் வருகிறது. நரம்பு முடிகிற இடத்துக்கும் தசைக்கும் நடுவே மிக நுண்ணிய ஓர் இடைவெளி உண்டு. அந்த இடைவெளியைத் தாண்ட, நரம்பின் நுனி `அசிட்டைல்கோலின்' என்ற வேதிப்பொருளை வெளியே விடும். தசையின் மேல் அதற்கென்றே பூட்டு போன்ற வாங்கிகள் இருக்கின்றன. சாவி பூட்டில் பொருந்தியதும் தசை சுருங்கும். நாம் கண் இமைப்பதும், சோறு விழுங்குவதும், மூச்சை இழுப்பதும் இந்த ஏற்பாட்டில்தான்.

நல்ல பாம்பின் விஷத்தில் உள்ள நரம்பு நஞ்சு, நேராகப் போய் அந்தப் பூட்டில் உட்கார்ந்துகொள்கிறது. வீட்டில் சின்னப் பிள்ளை பூட்டுத் துவாரத்தில் ஈர்க்குச்சியைச் செருகி உடைத்துவிட்டால் எப்படி இருக்கும்? சாவி இருக்கிறது, பூட்டும் இருக்கிறது. ஆனால், திறக்காது. அதுபோலத்தான். நரம்பு செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும், தசைக்கு அது போய்ச் சேராது.

இதில் நல்ல விஷயம் ஒன்று உண்டு. பூட்டு கெட்டுப்போகவில்லை, அடைபட்டுத்தான் இருக்கிறது. விஷமுறிவு மருந்து சீக்கிரம் போனால், அடைப்பு விலக வாய்ப்பு உண்டு. அதோடு, அசிட்டைல்கோலின் சீக்கிரம் சிதைந்துவிடாமல் காக்கும் `நியோஸ்டிக்மின்' என்ற ஊசியையும் டாக்டர்கள் கொடுத்துப் பார்ப்பார்கள். சாவிகளின் எண்ணிக்கை கூடும்போது போட்டியில் சில பூட்டுகள் திறக்கும். மூடிக்கிடந்த இமை அரை மணி நேரத்துக்குள் மெள்ள மேலேறுவதைப் பக்கத்தில் நிற்கும் உறவினர்களே பார்க்க முடியும்.

நல்ல பாம்பு கடித்தால் கடித்தது தெரியும். வலி, வீக்கம், பிறகு அந்த இடத்துச் சதை கறுத்து அழுகுவது என அடையாளங்கள் உண்டு. காரணம், அதன் விஷத்தில் நரம்பு நஞ்சோடு, செல்களைக் கொல்லும் நஞ்சும் கலந்திருக்கிறது. உயிர் பிழைத்தும் விரலை இழந்தவர்கள், தோல் ஒட்டு சிகிச்சை செய்துகொண்டவர்கள் ஏராளம்.

கட்டுவிரியன் வேறு ஜாதி. பளபளக்கும் கறுப்பு உடம்பில் மெல்லிய வெள்ளைப் பட்டைகள். பகலில் சோம்பேறி, இரவில் சுறுசுறுப்பு. எலி, தவளை, பிற பாம்புகளைத் தேடி வீட்டுக்குள் வரும். தரையில் படுத்திருப்பவர் புரண்டு படுக்கும்போது அதன் மேல் கை பட்டால் கடித்துவிடும். பல் சிறியது. தடம் கண்ணுக்கே தெரியாமல் போகலாம். தூக்கத்தில் இருப்பவர் எழுந்திருக்காமல்கூடப் போகலாம்.

அதன் விஷம் பூட்டோடு நிற்பதில்லை. சாவி தயாராகும் பட்டறைக்கே போகிறது. நரம்பு நுனிக்குள் புகுந்து, அசிட்டைல்கோலினைச் சேர்த்துவைத்திருக்கும் நுண்பைகளைக் காலி செய்து, அந்த நுனியையே சிதைத்துவிடுகிறது. இப்படிச் சிதைந்த பிறகு எத்தனை பாட்டில் விஷமுறிவு மருந்து ஏற்றினாலும் அந்த நுனி உடனே மீளாது. ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் விஷத்தை மட்டும்தான் மருந்தால் பிடிக்க முடியும். புது நுனி முளைக்க நாள்கள் ஆகும், சிலருக்கு வாரக்கணக்கும் ஆகும். அதுவரை மூச்சுவிடும் வேலையை வென்டிலேட்டர்தான் பார்க்க வேண்டும்.

சில ஊர்களில் கட்டுவிரியனுக்கு `எட்டடி விரியன்' என்று பெயர். கடிபட்டவர் எட்டு அடி வைப்பதற்குள் விழுந்துவிடுவாராம். நிஜம் இதற்கு நேர்மாறு. கடித்துப் பல மணி நேரம் எந்த அறிகுறியும் இல்லாமல் இருக்கலாம். `ஒண்ணும் ஆகலையே' என்று வீட்டிலேயே இருக்க வைப்பது அந்த நேரம்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முற்றிலும் செயலிழந்த நிலையில் வென்டிலேட்டரில் கிடப்பவருக்குக் கை, கால் அசையாது, கண் திறக்காது, சிலருக்குக் கண்ணின் பாவை விரிந்து வெளிச்சத்துக்குக்கூட அசையாது. பார்ப்பவர்களுக்கு மூளைச்சாவு போலவே தோன்றும். ஆனால், விஷம் தொட்டது தசைக்குப் போகும் வழியை மட்டுமே. மூளை விழித்திருக்கலாம். கட்டில் ஓரத்தில் நின்று உறவுக்காரர்கள் அழுவதும், `இனி தேறாது, வீட்டுக்குக் கொண்டுபோயிடலாம்' என்று பேசிக்கொள்வதும் அவர் காதில் விழுந்துகொண்டே இருக்கலாம். கட்டுவிரியன் கடியில் அவசரப்பட்டு மூளைச்சாவு என்று முடிவு கட்டக் கூடாது என்று டாக்டர்களுக்குப் பாடமாகவே சொல்லித்தருகிறார்கள். இப்படிக் கிடந்தவர்கள் எழுந்து நடந்து வீடு திரும்பியிருக்கிறார்கள்.

பந்திக்கு முன்பே தீர்ந்துபோன சாப்பாடு

விரியன்கள் தேடிப்போவது ரத்தத்தை. கண்ணாடி விரியனைப் பற்றி 1796-ல் வெளியான இந்தியப் பாம்புகள் நூலில் எழுதியவர், கிழக்கிந்திய கம்பெனியில் பணியாற்றிய ஸ்காட்லாந்து மருத்துவர் பேட்ரிக் ரஸ்ஸல். ஆங்கிலத்தில் இந்தப் பாம்புக்கு அவர் பெயர்தான். சீறினால் குக்கர் விசிலுக்கு முன்பு வரும் சத்தம் போல இருக்கும். வயல் வரப்பிலும் வைக்கோல் போரிலும் காய்ந்த சருகோடு சருகாகக் கிடக்கும். செருப்பில்லாத கால்கள்தான் அதற்கு அதிகம் பலி.

விரலில் கத்தி பட்டால் கொஞ்ச நேரத்தில் ரத்தம் உறைகிறது அல்லவா? அதற்கு ரத்தத்தில் பத்துக்கும் மேற்பட்ட உறைவுக் காரணிகள் வரிசையாக வேலை செய்கின்றன. ஒன்று அடுத்ததைத் தட்டி எழுப்பும். கண்ணாடி விரியனின் விஷம் இந்த வரிசையின் நடுவில் புகுந்து, ஐந்தாவது, பத்தாவது காரணிகளைக் காரணமே இல்லாமல் எழுப்பிவிடுகிறது. உடல் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத நுண் உறைகட்டிகள் உண்டாகின்றன. காரணிகள் எல்லாம் அதிலேயே செலவாகிவிடுகின்றன. கல்யாண வீட்டில் முகூர்த்தத்துக்கு முன்பே சமைத்ததையெல்லாம் யார் யாருக்கோ பரிமாறித் தீர்த்துவிட்டால், பந்தியில் உட்காருபவருக்கு இலை மட்டும்தானே மிஞ்சும்? அதுபோல, நிஜமாகவே ரத்தம் உறைய வேண்டிய நேரத்தில் உறைவதற்கு ஒன்றும் மிஞ்சாது. ஈறில் ரத்தம் கசியும். ஊசி போட்ட இடத்தில் ரத்தம் நிற்காது. சிறுநீர் சிவக்கும். மூளைக்குள் கசிந்தால் பெரும் ஆபத்து.

அடுத்த அடி சிறுநீரகத்துக்கு. கண்ணாடி விரியன் கடித்துப் பிழைத்தவர்கள் சிலருக்கு டயாலிசிஸ் தேவைப்படுவதற்குக் காரணம் இதுதான். அரிதாகச் சிலருக்கு மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி பாதிக்கப்பட்டு, மாதங்கள் கழித்து சோர்வும் ஹார்மோன் குறைபாடுமாக வெளிப்படும். `பாம்பு கடித்ததிலிருந்து ஆள் பழைய மாதிரி இல்லை' என்று ஊரில் சொல்வதில், சில நேரம் மருத்துவ உண்மை இருக்கிறது.

இதைக் கண்டுபிடிக்க ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாய் ஒன்று போதும். இரண்டு மில்லி ரத்தத்தை அதில் எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் வைத்துவிட்டுச் சாய்த்துப் பார்ப்பார்கள். உறைந்திருந்தால் நல்லது. தண்ணீர் போல ஓடினால், விரியன் விஷம் ரத்தத்தில் இருக்கிறது. குழாய் கண்ணாடியாகத்தான் இருக்க வேண்டும், பிளாஸ்டிக்கில் சரியாகத் தெரியாது. சோப்புத்தூள் போட்டுக் கழுவிய குழாயும் உதவாது. இவ்வளவு எளிய சோதனை, பல லட்ச ரூபாய் இயந்திரத்துக்கு இணையான முடிவை எடுக்க உதவுகிறது என்பது ஆச்சர்யம்தான்.

சுருட்டை விரியன் அளவில் சிறியது. உடம்பை வளைத்துச் செதில்களை உரசி ரம்பம் அறுப்பது போலச் சத்தம் எழுப்பும். இதுவும் ரத்தத்தைத் தாக்குவதே.

வேப்பிலை இனித்தால் விஷமா?

கிராமங்களில் பாம்பு கடித்தவருக்கு வேப்பிலையோ சிறியாநங்கையோ மெல்லக் கொடுப்பார்கள். கசந்தால் விஷமில்லை, இனித்தால் விஷம் ஏறிவிட்டது என்று கணக்கு. நரம்பு நஞ்சும் ரத்த நஞ்சும் வேலை செய்யும் இடங்களை மேலே பார்த்தோம். நாக்கின் சுவைக்கு அதில் பங்கே இல்லை. இதைவிட ஆபத்து, விழுங்கும் தசை செயலிழந்துகொண்டிருக்கும் ஒருவர் வாயில் எதையாவது திணிப்பது. அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

`எங்க ஊர் வைத்தியர் கல்லு வச்சே காப்பாத்திடுவாரே' என்று கேட்பவர்கள் உண்டு. பொய்யும் சொல்லவில்லை அவர்கள். நம் ஊரில் கடிக்கும் பாம்புகளில் பல, விஷமற்றவை. கட்டுவிரியன் போலவே பட்டைகளோடு இருக்கும் வெள்ளிக்கோல் வரையன் ஒரு நல்ல உதாரணம். கடித்தவனின் பிணம் எரியும் புகையைப் பார்க்க மரத்தின் உச்சிக்கு ஏறிக் காத்திருக்கும் என்று பாவம், பழி சுமத்தப்பட்ட கொம்பேறி மூக்கனுக்கும் ஆளைக் கொல்லும் விஷம் கிடையாது. விஷப்பாம்பே கடித்தாலும் சில நேரம் விஷத்தைச் செலுத்தாமல் `வெறும் கடி' கடித்துவிட்டுப் போகும். விஷம் என்பது அதற்கு இரை பிடிக்கும் முதலீடு, நம் மேல் வீணாக்க அதற்கு ஆசையில்லை. இந்த இரண்டு வகையிலும் பிழைத்தவர்கள் எல்லாம் வைத்தியரின் கணக்கில் சேர்ந்துவிடுகிறார்கள்.

கயிறு கட்டுவது இன்னொரு பழக்கம். விஷம் பெரும்பாலும் நிணநீர் வழியேதான் பரவத் தொடங்குகிறது. தசை அசைய அசைய அது வேகமாகும். எலும்பு முறிந்தால் அட்டை வைத்துக் கட்டுவோமே, அப்படி அசையாமல் வைப்பதுதான் பலன் தரும். இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று சதை அழுகும். கட்டை அவிழ்த்ததும் தேங்கிய விஷம் மொத்தமாக உள்ளே பாயும். பிளேடால் கீறுவது, விரியன் கடித்தவருக்கு உறையாத ரத்தத்துக்கு இன்னொரு வாசலைத் திறந்துவிடுவதாகும்.

செய்ய வேண்டியது சுருக்கம். 108-க்கு அழைக்க வேண்டும். மோதிரம், கொலுசு, மெட்டி, அரைஞாண் எதுவானாலும் வீங்குவதற்கு முன் கழற்ற வேண்டும். கடிபட்டவரை நடக்கவிடாமல், இடதுபுறம் ஒருக்களித்துப் படுக்க வைத்துக் கொண்டுபோக வேண்டும். பாம்பை அடித்துப் பையில் போட்டுக் கொண்டுபோக வேண்டாம். அதைத் தேடப் போய் இரண்டாவது ஆள் கடிபடுவது அடிக்கடி நடக்கிறது. நம்மூர் விஷமுறிவு மருந்து நான்கு பாம்புக்கும் பொதுவானது என்பதால் எந்தப் பாம்பு என்று தெரியாவிட்டாலும் சிகிச்சை தொடங்கலாம். எத்தனை மணிக்குக் கடித்தது, எப்போது இமை சரிந்தது என்ற விவரம் டாக்டருக்குப் பாம்பைவிட அதிகம் உதவும்.

மருத்துவமனையில் அடிக்கடி சண்டை வரும் இடம் ஒன்று உண்டு. `பாம்பு கடிச்சிருக்குன்னு சொல்றோம், ஊசி போடாம சும்மா படுக்க வச்சிருக்காங்க' என்று உறவினர்கள் கொதிப்பார்கள். விஷமுறிவு மருந்து குதிரையின் ரத்தத்திலிருந்து வருவது. அந்நியப் புரதம் என்பதால் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை வரும், ரத்த அழுத்தம் சரேலென்று இறங்கும். விஷம் ஏறியதற்கான அடையாளம் இல்லாதவருக்கு அதைக் கொடுப்பது தேவையில்லாத ஆபத்து. அதனால்தான் ஒரு நாள் முழுக்கப் படுக்க வைத்து இமையையும் ரத்தத்தையும் திரும்பத் திரும்பச் சோதிக்கிறார்கள். அடையாளம் தெரிந்துவிட்டால் தாமதிப்பதில்லை. இதில் இன்னொரு விஷயம், மூன்று வயதுக் குழந்தைக்கும் அறுபது கிலோ ஆளுக்கும் ஒரே அளவு மருந்துதான். குழந்தை என்று பார்த்துப் பாம்பு குறைத்துக் கடிப்பதில்லையே!

தேளும் பேத்தையும் செங்காந்தளும்

உடலின் பூட்டுகளைத் தேடிப்போகும் வித்தை பாம்புக்கு மட்டும் சொந்தமில்லை. நரம்பு செல்களில் சோடியம் உள்ளே வர நுண்வாசல்கள் இருக்கின்றன. செந்தேளின் விஷம் அந்த வாசலை மூடவிடாமல் பிடித்துக்கொள்கிறது. நரம்புகள் ஓயாமல் கத்தும். வியர்வை ஆறாக ஓடும், கை கால் சில்லிடும், இதயம் திணறி நுரையீரலில் நீர் கோக்கும். குழந்தைகளுக்கு உயிருக்கே ஆபத்து. மகாராஷ்டிராவின் மஹாட் பகுதியில் வேலை பார்த்த டாக்டர் ஹிம்மத்ராவ் பவஸ்கர், ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் `பிரசோசின்' என்ற மலிவான மாத்திரை இந்தப் புயலை அடக்கும் என்று 1980-களில் காட்டினார். கொங்கணக் கிராமங்களில் தேள்கடி மரணங்கள் அதன் பிறகு வெகுவாகக் குறைந்தன. அவருக்கு 2022-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

அதே வாசலை, திறக்கவே விடாமல் அடைப்பது பேத்தை மீனின் நஞ்சு. வலையில் சிக்கினால் பந்து போல உப்புமே, அந்த மீன்தான். அதன் நஞ்சு எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அழியாது. உதடு மரத்துப்போவதில் தொடங்கி மூச்சு நிற்பதில் முடியும். ஜப்பானில் இதைச் சமைக்கத் தனி உரிமம் பெற்ற சமையல்காரர்கள் இருக்கிறார்கள். நம் மீனவர்கள் அதைத் தூக்கிக் கடலில் எறிந்துவிடுவார்கள். கெட்டிக்காரர்கள்.

தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளும் இந்தப் பட்டியலில் உண்டு. கண்வலிக் கிழங்கு என்று கரூர், திண்டுக்கல் பக்கம் பந்தல் போட்டு வளர்க்கிறார்களே, அதுதான். அதில் இருக்கும் `கோல்ச்சிசின்', செல் பிரிவதைத் தடுக்கும். உடலில் வேகமாகப் பிரியும் செல்கள் குடலிலும் எலும்பு மஜ்ஜையிலும் மயிர்க்காலிலும் இருப்பதால், தவறிச் சாப்பிட்டவருக்கு முதலில் வாந்தி பேதி, பிறகு ரத்த அணுக்கள் சரிவு, பிழைத்தால் முடி உதிர்வு என்று பாதிப்பு வரிசையாக வரும். அதே கோல்ச்சிசின் மிகச் சிறிய அளவில், `கௌட்' என்ற மூட்டு வலிக்கு மாத்திரை. விதையை நல்ல விலை கொடுத்து மருந்துக் கம்பெனிகள் வாங்குவது அதற்காகத்தான்.

பாம்பு விஷமும் இப்படி மருந்துக் கடைக்கு வந்திருக்கிறது. பிரேசிலில் `ஜராராகா' என்ற விரியன் கடித்தால் ரத்த அழுத்தம் விழுந்துவிடும். ஏன் என்று துருவிய செர்ஜியோ ஃபெரெய்ரா 1960-களில் விஷத்திலிருந்து பிரித்த பொருள்தான் `கேப்டோப்ரில்' என்ற பிபி மாத்திரைக்கு வழிகாட்டியது. அது 1981-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இன்று வீட்டுக்கு வீடு தாத்தா, பாட்டியின் மாத்திரை டப்பாவில் இருக்கும் எனாலாப்ரில், ராமிப்ரில் எல்லாம் அந்தக் குடும்பம். மாரடைப்பு நோயாளிகளுக்குத் தட்டணுக்கள் ஒட்டாமலிருக்கக் கொடுக்கும் `டைரோஃபிபன்', நம்மூர் சுருட்டை விரியனின் விஷப்புரதத்தைப் பார்த்து வடிவமைக்கப்பட்டது. கண்ணாடி விரியன் விஷத்தை நீர்க்கச் செய்து, அடிக்கடி கருச்சிதைவு ஆகும் சில பெண்களின் ரத்தத்தில் உள்ள ஒரு கோளாறைக் கண்டுபிடிக்கும் பரிசோதனையும் லேப்களில் நடக்கிறது.

வடநெம்மேலியின் மண்பானைகள்

விஷமுறிவு மருந்தின் கதை, வியட்நாமின் சைகோன் நகரில் பாஸ்டர் ஆய்வகத்தில் இருந்த ஆல்பர்ட் கால்மெட்டிடம் தொடங்குகிறது. வெள்ளத்தில் ஊருக்குள் புகுந்த நாகங்கள் பலரைக் கடித்ததைப் பார்த்து வேலையில் இறங்கியவர், 1890-களில் முதல் விஷமுறிவு சீரத்தை உருவாக்கினார். அடிப்படை முறை இன்றும் அதுதான். தாங்கக்கூடிய அளவில் விஷத்தைக் குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பார்கள். குதிரையின் உடல் எதிர்ப்புப் புரதங்களை உண்டாக்கும். அதைப் பிரித்தெடுத்தால் மருந்து. ஆக, மருந்துக்கு முதல் தேவை, விஷம்!

அந்த விஷத்தைக் கொடுப்பவர்கள் இருளர்கள். ஒரு காலத்தில் பாம்புத் தோல் வியாபாரத்துக்காகப் பாம்பு பிடித்தவர்கள். 1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்தப் பிழைப்பு போனது. ஊர்வன ஆராய்ச்சியாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியில் 1978-ல் இருளர் பாம்புப் பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் வழியில், வடநெம்மேலி முதலைப் பண்ணை வளாகத்தில் இருக்கிறது. இந்தியாவில் தயாராகும் விஷமுறிவு மருந்துக்கான விஷத்தில் பெரும்பகுதி இங்கிருந்துதான் போகிறது. ராஜஸ்தானில் வயலில் கடிபட்ட ஒரு பெண்ணுக்கு ஏற்றப்படும் மருந்தின் ஆரம்பம், செங்கல்பட்டு பக்கத்தில் ஏதோ ஒரு வரப்பில் இருளர் ஒருவர் கண்டுபிடித்த வளையாக இருக்கலாம். இலங்கைக்கும் இந்திய மருந்துதான் போகிறது.

மண்ணில் பதிந்த கோடு, வளையின் வாயில் உதிர்ந்த சட்டை, எலிப் புழுக்கை என்று அவர்கள் படிக்கும் எழுத்துகள் வேறு. இந்த இருளர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரையும் 2017-ல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைத்துப்போனார்கள், அங்கே பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்க. 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

ஒரே இடத்து விஷத்தை நாடு முழுக்க நம்புவதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. ஒரே இனப் பாம்பானாலும் ஊருக்கு ஊர் விஷத்தின் கலவை மாறுகிறது. தமிழ்நாட்டுப் பாம்பின் விஷத்தில் தயாரான மருந்து, தொலைதூர மாநிலங்களின் பாம்புகளிடம் அதே வேகத்தில் வேலை செய்வதில்லை என்பதைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வுகள் காட்டியுள்ளன. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் இருக்கும் ஒருவகைச் சிறிய குழிவிரியனுக்கு இந்த மருந்து கேட்பதே இல்லை. குதிரை இல்லாமல், ஆய்வகத்திலேயே மனித எதிர்ப்புப் புரதத்தை வடிவமைக்கும் முயற்சியில் அதே கழகமும் அமெரிக்காவின் ஸ்க்ரிப்ஸ் ஆய்வு நிறுவனமும் இறங்கி, 2024-ல் நரம்பு நஞ்சுகளின் ஒரு பெரிய குடும்பத்துக்கு எதிராக எலிகளில் நல்ல பலன் கண்டிருக்கின்றன. மனிதர்களுக்கு வர இன்னும் காலம் ஆகும். பாம்புக்கடி மரணங்களை 2030-க்குள் பாதியாகக் குறைப்பது என்று உலக சுகாதார நிறுவனமும் இந்திய அரசும் இலக்கு வைத்துள்ளன. 2024 நவம்பரில் தமிழக அரசு, பாம்புக்கடியைக் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய ஒன்றாக அறிவித்தது. இனி தனியார் மருத்துவமனைக்கு வரும் கடியும் கணக்கில் வரும். எந்த ஊரில் எத்தனை பாட்டில் மருந்து இருப்பு வைக்க வேண்டும் என்பதற்குக் கணக்குதானே முதல்?

திண்ணையில் படுத்திருந்தவருக்கு வருவோம். அவருடைய சரிந்த இமையை வீட்டில் யாராவது அடையாளம் கண்டு, விடிவதற்குள் மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருந்தால், பெரும்பாலும் அவர் திரும்பி வந்திருப்பார். கொசுவலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிவிட்டுப் படுத்திருந்தால், கட்டுவிரியன் அவரைச் சுற்றிக்கொண்டு எலியைத் தேடிப் போயிருக்கும்.

வடநெம்மேலியில் பிடித்து வந்த பாம்புகளை மணல் போட்ட மண்பானையில் விட்டு, வாயைத் துணியால் கட்டி வைக்கிறார்கள். சில வாரங்களில் நான்கு முறை, மெல்லிய சவ்வு கட்டிய கண்ணாடிக் குப்பியைக் கடிக்க வைத்து விஷம் எடுக்கிறார்கள். பிறகு, வயிற்றுச் செதிலில் சின்னதாக ஓர் அடையாளம் போட்டுக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அடுத்த முறை பிடிபட்டு, அந்த அடையாளம் தெரிந்தால் அதை மறுபடி பானைக்குக் கொண்டு வருவதில்லை.